பேச்சை விடுங்க, கை எங்க தூக்குதுன்னு பாருங்க: பாலஸ்தீன விஷயத்துல மேற்கு நாடுகளை நாமளே கவனிக்கிறது எப்படி

இஸ்ரேல்-பாலஸ்தீன விஷயத்துல அமெரிக்கா கவலை தெரிவிச்சுச்சு, பிரிட்டன் கண்டிச்சுச்சு, ஜெர்மனி வருத்தப்பட்டுச்சுன்னு தினம் தினம் நியூஸ் வருது. இதை மட்டும் வச்சு அந்த நாடு யார் பக்கம்னு முடிவு பண்ணீங்கன்னா ஏமாந்துதான் போவீங்க. நம்ம சேலம் செவ்வாய்ப்பேட்டையில வெள்ளி வாங்குறவங்க கட்டி பளபளன்னு இருக்குன்னு காசை எடுத்து நீட்டிட மாட்டாங்க, டச், அதாவது சுத்தம், எவ்வளவுன்னு பார்த்துட்டுதான் வியாபாரமே பேசுவாங்க. நாடுகளுக்கும் அப்படி டச் பார்க்க முடியும். ஐ.நா.ல எப்படி ஓட்டு போட்டாங்க, ஆயுதம் அனுப்புறாங்களா, பணம் எங்க போகுது, கோர்ட்டு சொன்னதுக்கு என்ன பண்ணாங்க, இந்த நாலும் தெரிஞ்சா போதும். ஒரு மொபைலும் ஒரு நோட்டும் இருந்தா பண்ணிடலாம், இங்கிலீஷ் சுமார்தான்னா கூட பரவாயில்ல, பிரவுசர்ல டிரான்ஸ்லேட் இருக்கு, தப்பும் தவறுமா வந்தாலும் யார் எந்தப் பக்கம் ஓட்டு போட்டாங்கங்கிறது நம்பர்தானே, அது மாறாது.

நோட்டுன்னா கடையில கணக்கு எழுதுற நீட்டு நோட்டு, அகலமா இருக்கணும். ஒரு நாட்டுக்கு ரெண்டு பக்கம் ஒதுக்குங்க, முதல் கட்டத்துல தேதி, அடுத்து பேச்சு, அப்புறம் ஓட்டு, ஆயுதம், பணம், கோர்ட்டு. பேச்சு கட்டத்தை சின்னதா வைங்க. எதுக்கு மொபைல்லயே எழுதாம நோட்டுன்னு கேப்பீங்க, நாலு பேர் உக்காந்து பேசும்போது நடுவுல விரிச்சு வைக்க அதுதான் வசதி, மொபைலை நீட்டுனா ஆளாளுக்கு ஸ்க்ரோல் பண்ணிட்டு ரீல்ஸுக்கு போயிடுறாங்க.

ஆரம்பத்துலயே ஒண்ணு தெளிவா வச்சுக்கங்க, "மேற்கு நாடுகள்"னு ஒரே ஆள் கிடையாது. அமெரிக்கா ஒரு மாதிரி, ஸ்பெயினும் அயர்லாந்தும் அதுக்கு நேர் எதிர், பிரான்ஸ் நடுவுல ஆனா ஐ.நா.ல பெரும்பாலும் போர்நிறுத்தத்துக்கு கை தூக்கிடும், ஜெர்மனிக்கு அவங்க நாட்டுல யூதர்களை நாஜிகள் கொன்னு குவிச்ச வரலாறு முதுகுல இருக்கு. 2008ல அப்ப ஜெர்மனி சான்சலரா இருந்த மெர்கல் இஸ்ரேல் பார்லிமென்ட்லயே போய் நின்னு இஸ்ரேலோட பாதுகாப்பு ஜெர்மனி அரசோட அடிப்படைக் கொள்கையில ஒரு பகுதின்னு சொல்லிட்டு வந்தாங்க. அதனால எல்லா நாட்டையும் எடுக்காதீங்க. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மூணு போதும், ஆர்வம் இருந்தா பிரான்ஸை சேர்த்துக்கங்க. இருபது நாட்டை எடுத்தவங்க ஒரு மாசத்துல நோட்டை பழைய பேப்பர்காரருக்கு போட்டுருவாங்க.

பழைய வரலாறு எவ்வளவு தெரியணும்? ரொம்ப வேண்டாம், ஆனா சிலது இல்லாம முடியாது. 1917 நவம்பர் 2, பிரிட்டிஷ் வெளியுறவு மந்திரி பால்ஃபர் ஒரு லெட்டர் எழுதுறார், பாலஸ்தீனத்துல யூத மக்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமையறதை எங்க அரசு ஆதரிக்குதுன்னு, அங்க ஏற்கனவே இருக்கிற மத்த சமூகங்களோட சிவில் உரிமைக்கும் மத உரிமைக்கும் பங்கம் வரக்கூடாதுன்னும் அதுலயே ஒரு வரி. அரசியல் உரிமைன்னு அந்த மக்களுக்கு எதுவும் சொல்லல. நம்ம ஏற்காட்டுல காபிச் செடியை கொண்டுவந்து வச்ச கலெக்டர் காக்பர்னை அனுப்புன அதே சாம்ராஜ்யம்தான், யார் ஊர்ல யார் இருக்கணும்னு லண்டன்ல உக்காந்து எழுதுறது அவங்களுக்கு வழக்கமான ஆபீஸ் வேலை. அப்புறம் 1947 நவம்பர் 29, ஐ.நா. பொதுச்சபையில பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடுன்னு ரெண்டா பிரிக்கிற தீர்மானம் 181, ஆதரவு 33, எதிர்ப்பு 13, ரெண்டு பக்கமும் ஓட்டு போடாம ஒதுங்குனவங்க 10. அமெரிக்கா, சோவியத், பிரான்ஸ் எல்லாம் ஆதரவு, இத்தனையும் ஆரம்பிச்சு வச்ச பிரிட்டன் ஒதுங்கிடுச்சு, இந்தியா எதிர்த்து ஓட்டு போட்டுச்சு. 1948ல இஸ்ரேல் உருவாச்சு, 7 லட்சம் பாலஸ்தீனர்களுக்கு மேல வீடு வாசல் விட்டு போனாங்க. 1967 போர்ல வெஸ்ட் பேங்க், காசா, கிழக்கு ஜெருசலேம் எல்லாம் இஸ்ரேல் கைக்கு போச்சு, பிடிச்ச நிலத்துல இருந்து இஸ்ரேல் படை வெளிய வரணும்னு பாதுகாப்பு கவுன்சில் தீர்மானம் 242 வந்துச்சு. 1993ல இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமான பி.எல்.ஓ.வும் போட்ட ஆஸ்லோ ஒப்பந்தம். இவ்வளவையும் நோட்டோட முதல் பக்கத்துல எழுதிட்டா போதும்.

கூடவே 1956ஐயும் எழுதிக்கங்க, யாரும் இதை பேசறதில்ல. சூயஸ் கால்வாய்க்காக பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூணும் சேர்ந்து எகிப்து மேல பாய்ஞ்சப்ப அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர் பணத்தை வச்சு பிரிட்டனை நெருக்குனார், 1957ல இஸ்ரேலும் எகிப்தோட சினாயை விட்டு வெளிய வர வேண்டியதா போச்சு. "அமெரிக்கா சொன்னா மட்டும் கேக்கவா போறாங்க"ன்னு யாராவது சொன்னா இந்தப் பக்கத்தை காட்டுங்க.

இப்ப ஓட்டு. இதுலதான் நிறைய நேரம் செலவு பண்ணணும். பாதுகாப்பு கவுன்சில்ல 15 நாடு, அதுல அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா, சீனா அஞ்சுக்கும் வீட்டோ, ஒரு தீர்மானம் ஜெயிக்க 9 ஓட்டு வேணும், அஞ்சுல ஒருத்தர் எதிர்த்தா கூட காலி. பொதுச்சபையில எல்லா நாட்டுக்கும் ஒரே ஓட்டு, ஆனா அங்க ஜெயிச்சாலும் யாரையும் கட்டுப்படுத்தாது. நியூஸ்ல ரெண்டையும் "ஐ.நா. தீர்மானம்"னு ஒரே தலைப்புல போட்டுருவாங்க, நீங்க பிரிச்சு எழுதுங்க. தேடுறதுக்கு ஐ.நா. டிஜிட்டல் லைப்ரரின்னு ஒரு சைட் இருக்கு, இலவசம், அதுல ஓட்டு விவரம் பகுதிக்கு போய் தீர்மான நம்பரை போட்டா எந்த நாடு எப்படின்னு லிஸ்ட்டா வந்துரும். ஒரு சிக்கல் இருக்கு, வீட்டோவுல செத்துப்போனதுக்கு தீர்மான நம்பர் கிடையாது, அதை அந்த தேதியை வச்சு ஐ.நா. பிரஸ் ரிலீஸ்ல தேடணும். புதுசா பார்க்கிறவங்க இந்த இடத்துலதான் தேடித் தேடி கிடைக்கலைன்னு விட்டுடறாங்க, முக்கியமான ஓட்டு எல்லாம் அந்த வீட்டோ பட்டியல்லதான் இருக்கு.

பிரிட்டன் பக்கத்தை முழுசா எழுதிப் பார்ப்போம், அப்பதான் நோட்டு என்ன வேலை செய்யுதுன்னு புரியும். 2023 அக்டோபர் 7, காசாவை ஆண்டுட்டு இருந்த ஹமாஸ் இயக்கம் இஸ்ரேல் மேல தாக்குதல், சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டாங்க, 251 பேரை பிடிச்சுட்டு போனாங்க, அதுக்கப்புறம் காசா மேல போர். 2023 டிசம்பர் 8, பாதுகாப்பு கவுன்சில்ல உடனடி போர்நிறுத்தம் கேட்டு தீர்மானம், 13 ஆதரவு, அமெரிக்கா வீட்டோ, பிரிட்டன் ஒதுங்கிடுச்சு. நாலு நாள் கழிச்சு டிசம்பர் 12 பொதுச்சபை, 153 நாடு ஆதரவு, 10 எதிர்ப்பு, 23 நாடு ஒதுங்குச்சு, அந்த 23ல பிரிட்டனும் ஜெர்மனியும். 2024 பிப்ரவரி 20, அதே கதை, அமெரிக்கா வீட்டோ, பிரிட்டன் ஒதுங்கிடுச்சு. ஏப்ரல் 18, பாலஸ்தீனத்தை ஐ.நா.ல முழு உறுப்பினரா சேர்க்கலாமான்னு ஓட்டு, 12 ஆதரவு, அமெரிக்கா வீட்டோ, பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் ஒதுங்கிடுச்சு. ஜூலையில ஆட்சி மாறுது, லேபர் கட்சி வருது. செப்டம்பர் 2, இஸ்ரேலுக்கு இருந்த சுமார் 350 ஆயுத ஏற்றுமதி லைசென்ஸ்ல 30ஐ நிறுத்தறோம்னு அறிவிப்பு, ஆனா எஃப்-35 போர் விமானத்துக்கு பல நாடு சேர்ந்து செய்யுற பாகங்கள் பொதுவான சப்ளை வழியா போறதுக்கு விலக்கு. நவம்பர் 20, போர்நிறுத்தத் தீர்மானத்துக்கு பிரிட்டன் ஆதரவு, அமெரிக்கா மறுபடி வீட்டோ. 2025 செப்டம்பர் 21, பாலஸ்தீனத்தை ஒரு நாடா அங்கீகரிக்கிறோம்னு பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, போர்ச்சுகல் அறிவிப்பு, மறுநாள் பிரான்ஸ்.

இதை வரிசையா படிச்சீங்கன்னா "வெள்ளைக்காரன் இறங்கி வந்துட்டான்"னு குதிக்கிறவரும் தப்பு, "எல்லாம் டிராமா"ன்னு கையை உதர்றவரும் தப்புன்னு தெரியும். ஓட்டு உண்மையிலேயே நகர்ந்திருக்கு. ஆயுதக் கட்டத்துல கொஞ்சூண்டுதான் நகர்ந்திருக்கு. அங்கீகாரம் கொடுத்த அன்னைக்கு டிவியில எட்டு பேர் உக்காந்து கத்துனாங்க, அந்த எஃப்-35 விலக்கைப் பத்தி யாரும் வாயே திறக்கல, எனக்கு கடுப்பு அதுலதான்.

அமெரிக்கா பக்கம் எழுதறது இன்னும் சுலபம், ஒரே மாதிரி வரும். 2023 அக்டோபர்ல இருந்து 2025 செப்டம்பர் வரைக்கும் காசா போர் சம்பந்தமான தீர்மானங்களை 6 தடவை வீட்டோ பண்ணியிருக்கு, நடுவுல 2024 மார்ச் 25ல ஒதுங்குனதால உடனடி போர்நிறுத்தம் கேட்ட தீர்மானம் 2728 நிறைவேறுச்சு. ஆனா ஒபாமா காலத்து 2016ஐ தனியா எழுதி வைங்க. அந்த செப்டம்பர்ல இஸ்ரேலுக்கு 10 வருஷத்துக்கு 3,800 கோடி டாலர் ராணுவ உதவின்னு ஒப்பந்தம், அதே டிசம்பர் 23, 1967ல பிடிச்ச நிலத்துல இஸ்ரேல் கட்டுற குடியேற்றங்கள் சட்டவிரோதம்னு சொன்ன தீர்மானம் 2334ஐ வீட்டோ பண்ணாம ஒதுங்கிடுச்சு, 14-0ல பாஸ். இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவுக்கும் ஒபாமாவுக்கும் ஆகாதுன்னு அப்ப எல்லாரும் எழுதுனாங்க. ஆகாத ஆள்தான் அவ்வளவு பெரிய தொகைக்கு கையெழுத்து போட்டது. ஒரு கட்டத்தை மட்டும் பார்த்துட்டு பேசக்கூடாதுன்னு நான் சொல்றது இதுக்குத்தான். டிரம்ப் வந்து 2017 டிசம்பர் 6ல ஜெருசலேமை இஸ்ரேல் தலைநகரா அங்கீகரிச்சார், அதே மாசம் பொதுச்சபையில 128 நாடு அதை எதிர்த்து ஓட்டு போட்டுச்சு, இந்தியாவும் சேர்த்து, ஆனாலும் 2018 மே 14ல தூதரகமே அங்க போயிடுச்சு.

ஆயுதத்துக்கு, உலக ஆயுத வியாபாரத்தை கணக்கெடுக்கிற ஸ்வீடன் நாட்டு சிப்ரி நிறுவனத்தோட கணக்கை பாருங்க. 2019ல இருந்து 2023 வரைக்கும் இஸ்ரேல் வெளிநாட்டுல இருந்து வாங்குன பெரிய ஆயுதங்கள்ல அமெரிக்கா 69 சதவீதம், ஜெர்மனி 30 சதவீதம். மிச்சம் யாருக்கும் ஒண்ணும் பெருசா இல்ல, அதனால சின்ன நாடு ஒண்ணு "நாங்க ஆயுதம் நிறுத்திட்டோம்"னு சொன்னா கை தட்டுறதுக்கு முன்னாடி எவ்வளவு அனுப்பிட்டு இருந்தாங்கன்னு பாருங்க. இன்னொண்ணு, லைசென்ஸ் கொடுத்தது வேற, சரக்கு போனது வேற, நியூஸ்ல ரெண்டையும் கலந்துடுவாங்க. நிறுத்துன தேதி எழுதுனா திரும்ப ஆரம்பிச்ச தேதிக்கும் பக்கத்துல இடம் விடுங்க. 2025 ஆகஸ்ட்ல ஜெர்மனி சான்சலர் மெர்ஸ், காசாவுல பயன்படுத்தக்கூடிய ஆயுதங்களுக்கு ஏற்றுமதி அனுமதி இனி கிடையாதுன்னார், எல்லா பேப்பர்லயும் முதல் பக்கம். நவம்பர்ல அந்தத் தடையை எடுத்துட்டாங்க, அது எத்தனை பேர் கண்ணுல பட்டுச்சு?

பணக் கட்டத்துக்கு பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. அமைப்பு, உன்ரா, அது ஒண்ணை மட்டும் பின்தொடர்ந்தா போதும். 2024 ஜனவரியில, அதோட ஊழியர்கள் சிலர் அக்டோபர் 7 தாக்குதல்ல இருந்தாங்கன்னு இஸ்ரேல் குற்றம் சாட்டுன உடனே அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி எல்லாம் பணத்தை நிறுத்துனாங்க. மார்ச்ல கனடாவும் ஸ்வீடனும் திரும்ப கொடுக்க ஆரம்பிச்சாங்க, ஏப்ரல்ல ஜெர்மனி, ஜூலையில பிரிட்டன். அமெரிக்க காங்கிரஸ் மட்டும் 2025 மார்ச் வரைக்கும் கொடுக்கவே கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு. ஒரே விஷயத்துல ஒவ்வொரு நாடும் எவ்வளவு சீக்கிரம் திரும்புச்சுங்கிற தேதியே நிறைய சொல்லிடும்.

கோர்ட்டு விஷயத்துல நம்ம ஊர்ல எல்லாருக்கும் குழப்பம், ஏன்னா ரெண்டு கோர்ட்டும் நெதர்லாந்துல ஹேக் நகரத்துலயே இருக்கு. ஒண்ணு சர்வதேச நீதிமன்றம், நாட்டுக்கும் நாட்டுக்கும் உள்ள வழக்கு. தென்னாப்பிரிக்கா 2023 டிசம்பர் 29ல இஸ்ரேல் மேல இனப்படுகொலை வழக்கு போட்டது அங்கதான், 2024 ஜனவரி 26ல இடைக்கால உத்தரவு வந்துச்சு. இதை "இனப்படுகொலைன்னு தீர்ப்பு வந்துடுச்சு"ன்னு ஃபார்வர்டு பண்ணாதீங்க, இறுதித் தீர்ப்பு இல்ல அது. 2024 ஜூலை 19ல அதே கோர்ட்டு தனியா ஒரு ஆலோசனைக் கருத்து சொல்லுச்சு, 1967ல பிடிச்ச நிலத்துல இஸ்ரேல் தொடர்ந்து இருக்கிறது சட்டவிரோதம்னு. இன்னொண்ணு சர்வதேச குற்றவியல் நீதிமன்றம், இது தனி ஆட்கள் மேல. 2024 நவம்பர் 21ல நெதன்யாகு, முன்னாள் ராணுவ மந்திரி கேலன்ட், ஹமாஸ் தளபதி முகமது டெய்ஃப் மூணு பேருக்கும் கைது வாரன்ட் போட்டது இதுதான். அமெரிக்கா, இஸ்ரேல், இந்தியா மூணுமே இதுல உறுப்பினர் கிடையாது. 2025 பிப்ரவரியில அமெரிக்கா இந்தக் கோர்ட்டு மேலயே பொருளாதாரத் தடை போட உத்தரவு போட்டுச்சு. அப்ப உறுப்பினரா இருந்த ஹங்கேரி ஏப்ரல்ல நெதன்யாகுவை சிவப்புக் கம்பளம் விரிச்சு வரவேற்று, கையோட கோர்ட்டை விட்டே விலகறோம்னு அறிவிச்சுச்சு. புடின் மேல இதே கோர்ட்டு வாரன்ட் போட்டப்ப இதே அரசுகள்ல யார் யார் என்ன சொன்னாங்கன்னு பேச்சு கட்டத்துல பக்கத்துலயே எழுதி வைங்க, அதுக்கு மேல நீங்க ஒண்ணும் விளக்கவே வேண்டாம்.

வீடியோ விஷயத்துல மட்டும் ரொம்ப உஷாரா இருங்க. 2023 அக்டோபர்ல ஆர்மா 3ங்கிற கம்ப்யூட்டர் கேம் காட்சியை நிஜப் போர்னு உலகம் முழுக்க ஷேர் பண்ணாங்க, சிரியாவோட பழைய படங்களும் காசான்னு சுத்துச்சு. படம் வந்தா கூகுள் லென்ஸ்ல போட்டு முதல்ல எப்ப வந்ததுன்னு பாருங்க, வீடியோன்னா ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து போடுங்க. சாவு எண்ணிக்கை எழுதும்போது யார் சொன்னது, எந்தத் தேதி வரைக்கும்னு சேர்த்தே எழுதுங்க. 2025 அக்டோபர் போர்நிறுத்தத்தப்ப காசா சுகாதாரத்துறை சொன்ன கணக்கு 67 ஆயிரத்துக்கு மேல. ஒரு பொய்ப்படம் போதும், நீங்க சொன்ன நிஜம் எல்லாத்தையும் எதிராளி தூக்கி எறிஞ்சுடுவான்.

அரசாங்கம் வேற, மக்கள் வேறங்கிறதுக்கும் கடைசியில ரெண்டு பக்கம் விடுங்க. 2024 பிப்ரவரியில மிச்சிகன் மாநிலத்துல பைடனோட சொந்தக் கட்சி உள்தேர்தல்லயே ஒரு லட்சம் பேருக்கு மேல "யாருக்கும் உறுதியில்லை"ன்னு ஓட்டு போட்டாங்க, காசாவுக்காக. லண்டன்ல பெரிய பெரிய ஊர்வலம், நியூயார்க் கொலம்பியா யுனிவர்சிட்டியில டென்ட் போட்டு போராடுன மாணவர்கள், அதுல யூத மாணவர்களும் உண்டு. "வெள்ளைக்காரங்க எல்லாம்", "யூதங்க எல்லாம்"னு யாராவது ஆரம்பிச்சா இந்தப் பக்கத்தை திருப்புங்க.

சரி, எழுதுனதை யார்கிட்ட பேசறது? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சாறு பேர் போதும், யார் வீட்டு மாடியிலயாவது, தட்டுவடை செட் வாங்கி வச்சுக்கங்க, வாய் வேலையா இருந்தா குரல் கொஞ்சம் குறையும். ஒரு தடவைக்கு ஒரு நாடு, ஒரு பக்கம். முதல்ல பக்கத்தை வாசிக்கணும், அப்புறம்தான் கருத்து. கட்சிக்காரங்க வந்தா வரட்டும், ஆனா கோட்டை பக்கத்து பாயை பார்த்து "நீங்க என்ன சொல்றீங்க"ன்னு முஸ்லிம்ங்கிறதுக்காகவே கேக்குற வேலை வேண்டாம், அவர் ஐ.நா. தூதர் இல்ல, கொலுசுக்கு மணி கோக்குறவர்.

நேர்ல பார்த்தவங்க வேணும்னா வேற இடத்துல தேடுங்க. ஏற்காட்டுல சர்ச் குடும்பங்கள்ல ஜெருசலேம் புனிதப் பயணம் போயிட்டு வந்தவங்க இருக்காங்க, அதுக்கு தமிழ்நாடு அரசு மானியமே குடுக்குது. எங்க சித்தி போயிட்டு வந்து ஆலிவ் மரத்துல செஞ்ச குட்டி ஒட்டகம் ஒண்ணை ஷோகேஸ்ல வச்சிருக்காங்க, பெத்லகேம்ல வாங்குனது. பெத்லகேம் வெஸ்ட் பேங்க்ல இருக்கு. பைபிள் வசனம் எல்லாம் சொல்லி முடிச்சப்புறம் "சித்தி, பஸ் எங்கெங்க நின்னுச்சு?"ன்னு கேட்டேன், உசரமா சிமெண்ட் சுவரு, துப்பாக்கி வச்ச பசங்க ஏறி பாஸ்போர்ட்டை பார்த்தது, எங்க பஸ்ஸை உடனே விட்டுட்டாங்க, பக்கத்து வரிசையில உள்ளூர்க்காரங்க வெயில்ல நின்னுட்டே இருந்தாங்கன்னு அவங்களா சொல்லிட்டே போனாங்க. சரி தப்புன்னு ஒரு வார்த்தை கேக்காதீங்க, பார்த்ததை மட்டும் கேளுங்க.

கடைசியா ஒரு வேலை. வாஷிங்டன்ல நடக்கறதை சேலத்துல இருந்து மாத்த முடியாது, ஆனா இந்தியாவோட ஓட்டைப் பத்தி கேக்கறதுக்கு நமக்கு உரிமை இருக்கு, அதனால நோட்டுல இந்தியாவுக்கும் பக்கம் போடுங்க. 1974ல பி.எல்.ஓ.வை அங்கீகரிச்சோம், 1988ல பாலஸ்தீன நாட்டை, 1992ல இஸ்ரேலோட முழு தூதரக உறவு. பொதுச்சபையில, 2023 அக்டோபர் 27 காசா சண்டையை நிறுத்தச் சொன்ன ஓட்டுல ஒதுங்கினோம், டிசம்பர் 12 போர்நிறுத்தத்துக்கு ஆதரவு, 2024 மே 10 பாலஸ்தீனத்தை உறுப்பினரா சேர்க்கச் சொன்னதுக்கு ஆதரவு, செப்டம்பர் 18 பிடிச்ச நிலத்தை விட்டு இஸ்ரேல் வெளியேறணும்னு சொன்னதுல ஒதுங்கினோம், 2025 ஜூன் 12ல போர்நிறுத்தத் தீர்மானத்துலயே ஒதுங்கினோம், செப்டம்பர் 12 ரெண்டு நாடு தீர்வுக்கு ஆதரவு. ஏன் இப்படி மாறி மாறின்னு கேக்கலாம். உங்க எம்.பி.க்கு ஒரு பக்கத்துல தமிழ்லயே எழுதுங்க, ரெண்டு தேதி, ஒரே ஒரு கேள்வி, இதை பார்லிமென்ட்ல எழுத்துப்பூர்வமான கேள்வியா வெளியுறவுத்துறைகிட்ட கேளுங்கன்னு. திட்டாதீங்க, மூணு பக்கத்துக்கு வரலாறும் எழுதாதீங்க, பி.ஏ.தான் முதல்ல பிரிச்சுப் பார்ப்பார். ரெஜிஸ்டர் போஸ்ட் இப்ப தனியா கிடையாது, ஸ்பீடு போஸ்ட்லதான் அனுப்பணும், ரசீதை நோட்டுலயே ஒட்டி வைங்க. வெளியுறவுத்துறை பதில் சொன்னா அது பார்லிமென்ட் சைட்லயே வரும், வந்த தேதியோட பேச்சு கட்டத்துல எழுதிக்கங்க.